நெரிசலின் செய்தி: கிள்ளான் பள்ளத்தாக்கில் வழிகாட்டிச் செயலிகள் வந்த கதை

கோலாலம்பூரின் தென்பகுதியிலுள்ள சாலாக் செலாத்தானைச் சுற்றியுள்ள சாலைகளை அவை திறக்கப்பட்ட வரிசையில் பார்த்தாலே கிள்ளான் பள்ளத்தாக்கு எப்படி வாகனங்களால் நிரம்பியது என்பது விளங்கிவிடும். ஈயச் சுரங்கங்களுக்கும் இரயில் பாதைக்கும் இடையே வளர்ந்து, அவசரகாலத்தில் புதுக்கிராமமாக வேலியிடப்பட்ட பகுதி இது. 1970களில் கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை இதன் ஓரமாகப் போடப்பட்டது. 1999இல் பெஸ்ராயா எனப்படும் சுங்கை பீசி நெடுஞ்சாலை வந்தது. 2007ஆம் ஆண்டு மே மாதம் ஸ்மார்ட் சுரங்கப்பாதையும், அதே ஆண்டு டிசம்பரில் புத்ராஜெயா நோக்கிச் செல்லும் மெக்ஸ் நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டன. 2022 முதல், சுங்கை பீசியிலிருந்து உலு கிள்ளான் வரை தூண்களின் மேல் ஓடும் சுக்கே நெடுஞ்சாலை கட்டங்கட்டமாகச் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு சாலையும் நெரிசலைக் குறைக்கும் என்றே கட்டப்பட்டது. புதிய சாலை புதிய வாகனங்களையும் கூட்டிவரும் என்பது அடுத்த சாலைக்கான திட்டம் தீட்டப்படும்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாகனங்கள் பெருகியதற்குக் காரணங்கள் தெளிவானவை. 1985இல் புரோட்டோன் சாகா, 1994இல் பெரோடுவா கஞ்சில் என்று உள்நாட்டுக் கார்கள் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டின. அதே காலத்தில் இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. ஷா ஆலம் முன்னர் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்தின் நிலத்தில் எழுந்தது. புத்ராஜெயா இருக்குமிடம் பிராங் பெசார் தோட்டம். தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்காட்டுக்கு நடந்தே போன தமிழ்க் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, வேலை ஒரு திசையிலும் பள்ளிக்கூடம் இன்னொரு திசையிலும் அமைந்தன. பேருந்து சரியாக வராத இடங்களில் மோட்டார் சைக்கிளோ பழைய காரோ இல்லாமல் பிழைப்பு நடக்காது என்றாகிவிட்டது.

அந்நாளில் முன்னால் சாலை அடைபட்டிருப்பதைப் பின்னால் வருபவர் தெரிந்துகொள்ள வழிகள் குறைவு. முன்கூட்டியே அறிந்த சாலை மூடல்களைக் காவல்துறை அறிவிக்கும், நாளிதழ்கள் வெளியிடும். தைப்பூசம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பத்துமலையில் 1892 முதல் கொண்டாடப்படும் இந்த விழாவுக்காக ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் வெள்ளிரதம் புறப்படும். ஜாலான் ஈப்போ வழியாக அது பத்துமலை சேரும்வரை வழிநெடுகச் சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுத் திறக்கப்படும். எந்தச் சாலை எப்போது மூடும் என்பது அறிவிப்பில் இருக்கும். ரதம் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்பதை எந்த அறிவிப்பும் சொல்லாது. வழியில் தேங்காய் உடைப்போரின் கூட்டமே அதை முடிவு செய்யும். பக்தருக்கு அது மகிழ்ச்சி. குறுக்கே போகவேண்டிய லோரிக்காரருக்கோ அது தெரிந்தாக வேண்டிய செய்தி.

நடப்புச் செய்தியைக் கொண்டுவந்தது வானொலி. இதில் தமிழர்கள் பலர் மறந்துவிட்ட ஒரு தொடர்பு உண்டு. இன்று ராகா என்று அறியப்படும் தமிழ் வானொலியின் மூதாதை டிஎச்ஆர். அம்மூன்று எழுத்துகளின் விரிவு ‘டைம் ஹைவே ரேடியோ’. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையோடு தொடர்புடைய ரெனோங் குழுமத்தின் சார்பில், நெடுஞ்சாலைப் பயணிகளை மனத்தில் வைத்து 1994இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. பின்னர் அஸ்ட்ரோவின் கைக்கு மாறி, தமிழுக்கு ராகா என்றும் மலாய்க்குக் கெகார் என்றும் பிரிந்தது. காலையிலும் மாலையிலும் பாடல்களுக்கு நடுவே போக்குவரத்து நிலவரம் சொல்வது எல்லா நிலையங்களுக்கும் வழக்கமானது. நெரிசலில் நிற்கும் நேயர்களே தொலைபேசியில் அழைத்து, எந்தச் சுங்கச் சாவடியில் வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். மக்களிடமிருந்து திரட்டும் தகவல் என்ற கருத்து அங்கேயே முழுமையாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலவரம் என்பதும், ஒரு செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்து எல்லாரும் ஒரே மாற்றுவழியில் திரும்புவார்கள் என்பதும்தான் அதன் குறைகள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2000களில் ஐடிஸ் என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துத் தகவல் முறையை அமைத்தது. சாலாக் செலாத்தானுக்கு அருகேயுள்ள புக்கிட் ஜாலிலில் கட்டுப்பாட்டு மையம், சாலைகளில் கேமராக்கள், மேலே தொங்கும் மின்னணு அறிவிப்புப் பலகைகள் என்று பெரும் செலவில் எழுந்த ஏற்பாடு அது. பலகையில் வரும் செய்தி நம்பத்தக்கது. ஆனால் நெரிசலுக்குள் நுழைந்த பிறகே பல நேரங்களில் அது கண்ணில் படும். கேமரா இல்லாத உட்சாலைகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

செயலிகளுக்கு வழிவிட்ட முடிவு வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே மழுங்கடித்துவந்த அமெரிக்க அரசு, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. நூறு மீட்டர் வரை பிழை காட்டிய கருவி இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கியது. ஒரு கார் எந்தச் சாலையில் இருக்கிறது என்று சொல்ல அது போதும். கார்மின் போன்ற கருவிகள் மலேசியக் கார்களின் முகப்பில் ஒட்டிக்கொண்டன. சாலை வரைபடம்தான் கிடைக்கவில்லை. கிடைத்தவையோ விலை அதிகம் அல்லது பழையவை.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். மால்ஃப்ரீமேப்ஸ், மால்சிங்மேப்ஸ் என்ற பெயர்களில் இயங்கிய குழுக்கள் மலேசியா, சிங்கப்பூர் சாலைகளின் வரைபடத்தைத் தாமே உருவாக்கி இலவசமாகத் தந்தன. உறுப்பினர்கள் தாங்கள் போன பாதைகளைக் கருவியில் பதிவுசெய்து அனுப்புவார்கள். சிலர் உட்கார்ந்து அவற்றை வரைபடத்தில் சேர்ப்பார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் புதிய பதிப்பு வெளிவரும். லண்டனில் 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் இதே வழியில்தான் உலகத்தை வரைந்துகொண்டிருந்தது. செயலிகளின் வரலாற்றை எழுதுவோர் இக்குழுக்களைத் தாண்டிப் போய்விடுவது நியாயமல்ல. புதிதாகத் திறந்த இணைப்புச் சாலையையும் ஒருவழிப் பாதையாக மாறிய தெருவையும் முதலில் குறித்துவைத்தது இவர்களின் உழைப்பு. இந்த வரைபடங்களில் சாலை இருந்தது. சாலையில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது இல்லை.

வேஸ் நிரப்பியது அந்த இடத்தை. இஸ்ரேலில் எஹுத் ஷப்தாய் 2006இல் தொடங்கிய இலவச வரைபட முயற்சி அதன் வித்து. 2008இல் அவரும் அமிர் ஷினார், உரி லெவின் ஆகியோரும் அதை நிறுவனமாக்கினர். கைத்தொலைபேசியில் செயலி திறந்திருந்தால், ஓட்டுநர் எதுவும் செய்யாமலே அவருடைய வேகமும் திசையும் நிறுவனத்தின் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கும். சாலைகள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் என்ன வேகம் வழக்கம் என்ற கணக்கு சேர்ந்திருக்கும். வழக்கத்தைவிட வேகம் குறைந்தால் அந்தத் துண்டு சிவப்பாகும். இதற்கு மேல் விபத்து, பழுதான வண்டி, குழி, வெள்ளம், காவலர் என்று ஓட்டுநரோ உடன் வருபவரோ தட்டி அனுப்பும் தகவல்கள். பின்னால் வருபவர்கள் அதை ஆமோதித்தால் தகவல் நிலைக்கும். ‘அங்கே ஒன்றுமில்லை’ என்றால் மறையும். பொய்ச் செய்தியை வடிகட்டும் பொறுப்பும் இப்படிப் பயன்படுத்துவோரிடமே விடப்பட்டது. தொடக்க நாட்களில் யாரும் போகாத சாலையில் போவோருக்குப் புள்ளிகள் தரும் விளையாட்டும் இருந்தது. திரையில் மிட்டாயைத் தின்றபடி நகரும் சின்னம், உண்மையில் ஒரு புதிய சாலையை வரைந்துகொண்டிருந்தது.

மலேசியாவில் மேக்சிஸ் நிறுவனம் 2009 மார்ச்சில் ஐஃபோனை விற்கத் தொடங்கியது. மலிவான ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் தொடர்ந்து வந்தன. இத்தகைய செயலிக்குக் குறைந்தபட்சக் கூட்டம் தேவை. ஆயிரம் கார் போகும் சாலையில் ஒரே ஒரு கார் தகவல் தந்தால் அதில் பயன் குறைவு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே சாலைகளில் கூடும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கூட்டம் எளிதாகச் சேர்ந்தது. மாற்றுவழிகள் நிறைய இருப்பதும் இங்கே சாதகம். கிள்ளானிலிருந்து தலைநகர் வருபவருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை, கெசாஸ், என்கேவிஇ என்று மூன்று தேர்வுகள்; சுங்கக் கட்டணத்துக்கும் நேரத்துக்கும் இடையே பேரம் பேசலாம். ஒரே சாலை உள்ள ஊரில் நெரிசல் இருப்பதைத் தெரிந்துகொள்வதால் ஆறுதல் மட்டுமே கிடைக்கும். சில ஆண்டுகளில் ‘வேஸ் போட்டுப் பார்’ என்பது எல்லா மொழிக்காரரின் வாயிலும் வந்துவிட்டது. வழி தெரிந்தவர்களும் வழி கேட்டார்கள் என்பதுதான் இதில் புதுமை. அலுவலகத்துக்கு நாள்தோறும் போகும் சாலைக்கே செயலியை இயக்கினார்கள். தேவைப்பட்டது வழியல்ல, அன்றைய நிலவரம். 2013 ஜூனில் கூகுள் ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டாலருக்கு வேஸை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் வேஸ் பயன்படுத்துவோரின் விபத்துத் தகவல்கள் கூகுள் மேப்ஸிலும் தெரியத் தொடங்கின.

திரைக்குப் பின்னால் வரைபடத் திருத்துநர்கள் இருந்தார்கள். வேஸின் வரைபடத்தையும் ஊதியமில்லா ஆர்வலர்களே திருத்துகிறார்கள். ஒன்று முதல் ஆறு வரை படிநிலைகள் உண்டு. தொடக்க நிலையில் இருப்பவர் தாம் காரோட்டிய வட்டாரத்தை மட்டும் தொடலாம். முக்கிய நெடுஞ்சாலைகள் மேல்நிலையினருக்கே திறக்கும். எம்ஆர்டி இரயில்தடக் கட்டுமானம் இவர்களுக்கு நீண்ட சோதனையாக அமைந்தது. முதல் தடத்தின் வேலை 2011 ஜூலையில் தொடங்கி 2017 ஜூலையில் முடிந்தது. சுங்கை பீசி வழியாகச் செல்லும் புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில்தான் முழுதாகத் திறந்தது. பத்தாண்டுக்கும் மேலாகச் சாலைத் தடங்கள் விலகின, திருப்பங்கள் அடைபட்டன, தற்காலிகப் பாலங்கள் முளைத்தன. அச்சிட்ட வரைபடத்தால் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸும் அப்படித்தான். 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்ட அந்தக் குறுகிய தெருக்களில் ஒருவழிப் பாதையை ஒரு முறை தவறவிட்டால் கேஎல் சென்ட்ரலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வரவேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைகள் சாலை வரை நீளும்போது, எங்கே நுழையக்கூடாது என்று சொல்லும் செயலியின் மதிப்பு கூடிவிடும்.

வாடகைக் கார்த் தொழில் இதனால் அடியோடு மாறியது. நகரத்துச் சந்துபொந்துகளை மனப்பாடமாக வைத்திருப்பதுதான் டாக்சிக்காரரின் முதலாக இருந்தது. 2012 ஜூனில் கோலாலம்பூரில் அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும் தொடங்கிய மைடெக்சி என்ற வாடகைக் கார்ச் செயலி, கிராப் ஆக வளர்ந்து 2018 மார்ச்சில் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை வாங்கியது. நேற்று ஊருக்கு வந்தவரும் திறன்பேசியை முன்னால் மாட்டிக்கொண்டு இன்று வண்டியோட்டலாம் என்றானது. மூத்த டாக்சி ஓட்டுநர்களின் கோபத்துக்குக் கட்டண வீழ்ச்சி மட்டுமே காரணமல்ல. பல்லாண்டு அறிவு ஒரே நாளில் விலையிழந்ததும் காரணம். கிராப் நிறுவனம் பிற்பாடு தன் ஓட்டுநர்களின் பயணத் தரவுகளையும் அவர்கள் எடுத்த சாலைப் படங்களையும் கொண்டு சொந்த வரைபடத்தை உருவாக்கியது. 2022இல் அதைப் பிற நிறுவனங்களுக்கும் விற்க முன்வந்தது.

ஓட்டுநருக்கு உதவியது எல்லாருக்கும் உதவவில்லை. பெருஞ்சாலை அடைபடும்போது செயலி வண்டிகளைக் குடியிருப்புத் தெருக்களுக்குள் திருப்பும். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் தெருவில் மாலை ஆறு மணிக்குக் கார் வரிசை நிற்கும். இதைத் தடுக்க அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சிற்றூர் 2018 ஜனவரியில் நெரிசல் நேரங்களில் வெளியாருக்குத் தன் தெருக்களை மூடியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே வேறு காரணத்துக்காகத் தடுப்புகள் இருந்தன: திருட்டுக்கு அஞ்சிக் குடியிருப்பாளர்கள் தெருமுனையில் போட்ட தூக்குக் கம்பிகளும் காவலர் கூண்டுகளும். வரைபடத்தில் திறந்திருக்கும் தெரு நேரில் கம்பியால் மூடியிருக்கும். அதைத் தனிச்சாலை என்று குறிப்பதா, பொதுச்சாலை என்று விடுவதா என்ற கேள்வி திருத்துநர்களின் தலையில் விழுந்தது. காவல்துறைச் சோதனையைத் தெரிவிப்பதும் சிக்கலானதே. 2012இல் தானியங்கி வேகக் கேமராக்கள் வந்தபோது அவற்றின் இடங்களைச் செயலி முன்கூட்டி எச்சரித்தது. வேகத்தைக் குறைத்தால் நோக்கம் நிறைவேறியது என்று வாதிடலாம். குடிபோதைச் சோதனையைக் காட்டிக்கொடுப்பதற்கு அந்த வாதம் செல்லாது.

கடினமான சோதனை வெள்ளம். கோலாலம்பூர் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் எழுந்த நகரம். 1971 ஜனவரி வெள்ளமும் 2003 ஜூன் வெள்ளமும் அதன் பெரிய காயங்கள். இத்தகைய வெள்ளங்களுக்கு விடையாக வந்ததே ஸ்மார்ட் சுரங்கம். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கத்தின் நடுவே ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குக் கார்கள் ஓடுகின்றன. அந்தச் சாலைப் பகுதியின் தென்முனை சுங்கை பீசி, சாலாக் செலாத்தான் பக்கம். மழை மிதமாக இருந்தால் சாலைத் தளங்களுக்குக் கீழுள்ள அறையில் மட்டும் நீர் போகும், கார்களும் போகும். கனமழையில் கார்களை வெளியேற்றிவிட்டுச் சாலையையும் ஆற்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். நகரம் நனையாமலிருக்க ஒரு நெடுஞ்சாலை திட்டமிட்டே இழக்கப்படுகிறது. அந்த முடிவு கட்டுப்பாட்டு மையத்தில் எடுக்கப்படுகிறது. ஓட்டுநர்களின் திரைக்கு அது மூடல் அறிவிப்பாகவோ, சுற்றுச்சாலைகளில் திடீரெனப் பரவும் சிவப்பாகவோ வந்து சேர்கிறது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை, இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் மீறியது. சிலாங்கூரில் விடாமல் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா கூரைவரை மூழ்கியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா அருகே கார்களும் லோரிகளும் நீருக்குள் நின்றன. செயலியின் அடிப்படைக் குறை இத்தகைய இரவில்தான் வெளிப்படும். அது சாலையை அறிவது அதில் ஓடும் வண்டிகளால். வண்டிகள் மெதுவாகப் போனால் நெரிசல் என்று தெரியும். யாரும் போகாத சாலையிலிருந்து எந்தச் செய்தியும் வராது. அப்போது கணினி பழைய சராசரியை எடுத்துக்கொண்டால், மூழ்கிய சாலை நள்ளிரவின் காலிச் சாலையாகத் தோன்றும். 2017 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது, காலியாக இருந்ததாலேயே தீக்கு அருகிலிருந்த தெருக்களுக்குச் செயலிகள் வழிகாட்டின. அவற்றைப் பின்பற்றவேண்டாம் என்று காவல்துறை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் குறையைக் கருவியால் மட்டும் தீர்க்க முடியாது. நீரின் விளிம்புவரை போய்த் திரும்பிய ஒருவர் ‘வெள்ளம்’ என்று தட்டினால்தான், அல்லது ஒரு திருத்துநர் சாலையை மூடினால்தான் அடுத்தவர் தப்புவார். அந்த இரவில் வாட்ஸ்அப் குழுக்களிலும் சமூக ஊடகங்களிலும் பரவிய படங்களும் முகவரிகளும் செயலிகளுக்குச் சற்றும் குறையாத வேலையைச் செய்தன.

பெருந்தொற்றுக் காலம் எதிர்த்திசையில் இதையே காட்டியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் நெடுஞ்சாலைகள் வெறிச்சோடின. அடைப்பு என்றால் காவல்துறையின் சோதனைத் தடுப்பு மட்டுமே. வழக்கமான திங்கட்கிழமை காலை என்று ஒன்று இல்லாதபோது அதன் சராசரி எதற்கும் உதவவில்லை. உலகெங்கும் இதே நிலை என்பதால், கடந்த இரண்டு முதல் நான்கு வாரங்களின் தரவுக்கு முன்னுரிமை தந்து கணிப்பு முறையை மாற்றியதாக அவ்வாண்டு செப்டம்பரில் கூகுள் தெரிவித்தது.

அரசுகளும் நிறுவனங்களும் தரவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுகள் இதற்கிடையே வந்தன. வேஸ் 2014 அக்டோபரில் உலக நகரங்களோடு பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது: நகரம் சாலை மூடல்களைச் சொல்லும், வேஸ் விபத்துகளைச் சொல்லும். கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2018 ஜனவரியில் அலிபாபாவின் ‘சிட்டி பிரெய்ன்’ போக்குவரத்துத் திட்டத்தில் இணைந்தது. 281 சந்திப்புகளின் விளக்குகளும் நூற்றுக்கணக்கான கேமராக்களும் முதற்கட்டமாக அதில் சேர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கேமரா வழி வந்த அரசுத் தகவலும் கைத்தொலைபேசி வழி வந்த மக்கள் தகவலும் இன்றும் பெரும்பாலும் தனித்தனியாகவே ஓடுகின்றன. நெடுஞ்சாலை வாரியமும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனமும் சமூக ஊடகத்தில் இடும் அறிவிப்பையும் செயலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அனுபவமுள்ள ஓட்டுநரின் வழக்கம்.

தரவைத் தருபவர் யாரென்று கணினி பார்ப்பதில்லை என்பது ஒரு வேடிக்கையான பலவீனம். பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 திறன்பேசிகளைக் கைவண்டியில் வைத்து இழுத்துச் சென்று, காலியான தெருவைக் கூகுள் மேப்ஸில் சிவப்பாக்கிக் காட்டினார். 2020இல் அது உலகச் செய்தியானது. மோட்டார் சைக்கிள் மிகுந்த மலேசியாவில் இதற்கு அன்றாட வடிவம் உண்டு. நிற்கும் கார்களுக்கு நடுவே நெளிந்து செல்பவரின் வேகம் காரின் வேகத்தோடு கலந்தால் கணக்குப் பிசகும். அவருக்குத் தேவையான வழியும் வேறு: ஸ்மார்ட் சுரங்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, கூட்டரசு நெடுஞ்சாலையில் அதற்குத் தனித்தடம் இருக்கிறது. கூகுளும் வேஸும் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழித்தேர்வைச் சேர்த்தது இக்காரணத்தால்தான்.

சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதும் புதுச் சிக்கலைத் தந்திருக்கிறது. செயற்கைக்கோள் சமிக்ஞை சுரங்கத்துக்குள் எட்டாது. தூண்களின்மேல் ஓடும் நெடுஞ்சாலையில் இருக்கும் காரையும் அதற்கு நேர் கீழே போகும் காரையும் பிரித்தறிய அது திணறும். மேலே நெரிசல் என்றால் கீழே சிவப்பாகலாம். மேலே ஏறவேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகு ‘இடப்பக்கம் ஏறு’ என்று குரல் ஒலிக்கலாம். சுரங்கங்களுக்குள் புளூடூத் சமிக்ஞை தரும் சிறு கருவிகளைப் பொருத்தும் திட்டத்தை வேஸ் 2016இல் அறிமுகப்படுத்தியது. அவை இல்லாத இடங்களில் செயலி கடைசியாக அறிந்த வேகத்தை வைத்து இடத்தை ஊகிக்கிறது. கார் வெளிச்சத்துக்கு வந்ததும் திருத்திக்கொள்கிறது. சாலாக் செலாத்தான் வட்டாரத்தில் சுரங்கம், தரைச்சாலை, மேம்பாலம் மூன்றும் கூடுவதால், எந்தத் தடத்தில் எந்த ஊருக்குப் பிரிவது என்பதற்கு ஓட்டுநர்கள் பச்சைப் பெயர்ப்பலகைகளையும் சேர்த்தே படிக்கிறார்கள்.